சிறிமா காலமா, ஜே.ஆர். காலமா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையின் சிவப்புச் சீமெந்துத் தரை செத்தல் மிளகாய்க் காசில் போட்டது. அப்பப்பா இருந்தவரை சிறிமா காலத்தை, அதாவது சிறிமாவோ பண்டாரநாயக்க இலங்கைப் பிரதமராக இருந்த 1970-77 காலத்தை, ஒருவரும் குறைசொல்ல விடமாட்டார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. 1970இல் வந்த சிறிமாவோ அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வருவதை இறுக்கினார்கள். செம்மண் தோட்டக்காரருக்கு அடித்தது யோகம். ஆள் ஏறித் துலா மிதித்த கிணறுகளுக்கு இறைப்பு மெசின் வந்தது, ஓலை வீடு கல்வீடானது.

அதே வீட்டில் அப்பம்மா சொன்ன கதை வேறு. விடியப்புறம் பாணுக்கு வரிசை, புடைவைக்குக் கூப்பன், சாப்பாட்டுக் கடையில் வாரத்துக்கு இரண்டு நாள் சோறு இல்லை. வல்வெட்டித்துறைப் பக்கம் கடத்தல் நன்றாக ஓடியது என்பதையும் சேர்க்க வேண்டும். மலையகத்திலோ 1974 வாக்கில் பட்டினிச் சாவே நடந்தது. தோட்டம் என்றால் எங்களுக்கு மிளகாய், அவர்களுக்குத் தேயிலை. ஒரே சொல்தான்; இங்கே கல்வீடு, அங்கே வெறும் பானை. அப்பப்பாவின் கணக்கில் இது வரவே வராது.

1977 நொவெம்பர் பட்ஜெட்டோடு அடுத்து வந்த ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. வரிசைகள் போயின, கடையில் சாமான் நிறைந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்க, சுன்னாகம் சந்தையில் எங்கள் சரக்கு விலை விழுந்தது. அரிசிக் கூப்பன் 1979இல் உணவு முத்திரையானது. அப்புறம் விலைவாசி ஏற ஏற முத்திரையின் பெறுமதி கரைந்தது.

சரி, மூடினால் தோட்டக்காரன் பிழைப்பானா? 2020இல் மஞ்சள் இறக்குமதியை மூடினார்கள். கிலோ ஆயிரக்கணக்கில் போனது, தமிழ்நாட்டிலிருந்து படகில் மூட்டை வந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியையே நிறுத்தினார்கள். சிறிமா காலத்தில் தடுத்தது விளைச்சலுக்குப் போட்டியாக வந்த சரக்கை. இந்த முறை தடுத்தது விளைச்சலுக்கு வேண்டிய உரத்தை. சில மாதத்திலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. இரண்டையும் 'உள்ளூர் உற்பத்தி' என்ற ஒரே பெயரில் விற்றதுதான் எனக்கு எரிச்சல்.

முழுக்க மூடுவதா, முழுக்கத் திறப்பதா என்றால் நான் திறப்பதற்கே கை தூக்குவேன். பாண் வரிசையில் நின்றது அப்பம்மா, அப்பப்பா இல்லை. ஆனால் அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயத்துக்கு வரி வேண்டும். 2007இல் வந்த விசேட வியாபாரப் பண்ட வரியில் அதற்கு வழியும் உண்டு. கோளாறு, அது ஒரே இரவில் ஏறி இறங்குவதில். வெங்காயம் மண்ணில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்க வேண்டும்.

ஒருமுறை சித்தப்பா நல்ல விலை வரட்டும் என்று வெங்காயத்தைப் பிடி கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டிருந்தார். வரி குறைந்த செய்தி வானொலியில் வந்தபோது கால்வாசி அழுகியிருந்தது. மிச்சத்தை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.