லேப்டாப் இரைச்சலை அடக்க: வோல்டேஜ், வாட், ஃபேன் – எதில் கை வைப்பது?

தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வீணை சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். மைக்கில் சத்தம் விழக்கூடாது என்று சீலிங் ஃபேனை நிறுத்துவார்கள். சித்திரை மதியத்தில் அறை 36 டிகிரியில் புழுங்கும். லேப்டாப் ஃபேன் அப்போதுதான் முழு வேகம் எடுக்கும். மந்தர ஸ்வரம் கரைந்து அடங்குகிற இடத்தில் 'ஸ்ஸ்' என்று அது மட்டும் கேட்கும்.

பெரும்பாலோர் முதலில் போவது ஃபேன் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளிடம்தான். விண்டோஸில் நோட்புக் ஃபேன்கன்ட்ரோல், லினக்ஸ் திங்க்பேடில் திங்க்ஃபேன். பலன் உடனே காதில் தெரியும்: சுழற்சி பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். ஆனால் சூடு எங்கும் போகவில்லை, உள்ளேயே தங்குகிறது. ப்ராசஸர் பிழைத்துக்கொள்ளும், 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு அந்த வசதி இல்லை. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறுவது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. நம் ஊரில் அறையே 36 டிகிரி என்றால் மிச்சம் ஒன்பதுதான்.

இன்னொன்று: மார்கழியில் போட்ட ஃபேன் செட்டிங் சித்திரைக்கு உதவாது. ஒரே வேலைக்கு ப்ராசஸர் அறைச்சூட்டைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிற்கும். 25 டிகிரி அறையில் 70-ல் நின்றது 36 டிகிரி அறையில் 81-க்குப் போய்விடும். அப்படியும் ஃபேனில்தான் கை வைப்பேன் என்றால், ஏறும் அளவும் இறங்கும் அளவும் ஒன்றாக இருக்கக்கூடாது. 65-ல் வேகம் ஏறட்டும், 55-க்கு வந்த பிறகே இறங்கட்டும். இடைவெளி விடாவிட்டால் சில நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சீரான இரைச்சலைக்கூடக் காது பழகிக்கொள்ளும், இதைப் பழகாது. இந்த மென்பொருளுக்கு உங்கள் லேப்டாப் மாடலுக்கான செட்டிங் கோப்பு கிடைக்கவில்லையென்றால் வேறு மாடலின் கோப்பைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். ஃபேன் மொத்தமாக நின்றுபோகலாம்.

அடுத்தது அண்டர்வோல்ட், அதாவது ப்ராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பது. ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 1.00 வோல்ட் கேட்கும் இடத்தில் 0.92 கொடுத்தால் 0.92 × 0.92 = 0.846, அதே வேகத்துக்கு 15 சதவீதம் சூடு குறைவு. வேகம் ஒரு துளியும் போகாது என்பதுதான் இதன் அழகு.

இன்டெல் 8-ஆம் தலைமுறை மெஷின்களில், உதாரணமாக ஐ5-8250யூ-வில், த்ராட்டில்ஸ்டாப் என்ற விண்டோஸ் மென்பொருள் போதும். அதில் வோல்டேஜை மாற்றும் எஃப்ஐவிஆர் பக்கத்தில் கோர், கேச் இரண்டுக்கும் ஒரே அளவு ஆஃப்செட் (குறைக்கும் அளவு) கொடுங்கள். ஒன்றை மட்டும் குறைத்தால் பல ப்ராசஸர்களில் எதுவுமே மாறாது. மைனஸ் 50 மில்லிவோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 10 மட்டும் இறக்குங்கள். உறுதியாகத் தெரியும்வரை சேவ் செய்யாதீர்கள். ஸ்கிரீன் உறைந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டால் பழைய வோல்டேஜோடு எழுந்துவிடும்.

பாரமான சோதனையை அரை மணி நேரம் தாங்கியதாலேயே தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல மெஷின்கள் சும்மா இருக்கும்போது, வோல்டேஜ் அடிமட்டத்தில் இருக்கும் நேரத்தில்தான் விழும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'டபிள்யூஹெச்ஈஏ' என்ற வன்பொருள் பிழை எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். நீலத் திரைக்கு முன்னறிவிப்பு அது. தாங்கிய கடைசி அளவிலிருந்து 15, 20 மில்லிவோல்ட் பின்வாங்கி நிறுத்துங்கள். குளிர்ந்த அறையில் தாங்கியது சூட்டில் தாங்காமல் போகலாம். ஆகவே பரீட்சையைப் பிற்பகலில், சீலிங் ஃபேன் இல்லாமலே வையுங்கள்.

இதன் பெரிய குறை, எல்லா மெஷினிலும் நடக்காது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. வோல்டேஜைத் தில்லுமுல்லு செய்து ப்ராசஸருக்குள் இருக்கும் ரகசியத்தை எடுக்க முடிந்தது. அதன்பின் பல தயாரிப்பாளர்கள் பயாஸ் (மெஷினைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டில் வோல்டேஜை மாற்றும் கதவைப் பூட்டிவிட்டார்கள். 'லாக்டு' என்று காட்டினால் விட்டுவிடுங்கள். பழைய பயாஸுக்குத் திரும்பிப் பூட்டை உடைப்பது சத்தத்துக்காகப் பாதுகாப்பை விற்பது. விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கினாலும் இது வேலை செய்யாது. பேங்க் வேலையும் இதே மெஷினில் என்றால் அதை அணைக்காதீர்கள்.

அப்படியானால் மிஞ்சுவது வாட், அதாவது ப்ராசஸரின் வேகத்துக்கு வரம்பு போட்டு அது தின்னும் மின்சாரத்தைக் குறைப்பது. இந்த மூன்றில் நான் முதலில் செய்யச் சொல்வதும் இதுதான். வேகம் குறைந்தால் ப்ராசஸர் தன் அட்டவணைப்படி தானே குறைந்த வோல்டேஜைக் கேட்கும். தயாரிப்பாளர் சோதித்துவைத்த அண்டர்வோல்ட் என்றே வைத்துக்கொள்ளலாம். உறையாது, பூட்டும் கிடையாது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட் போய், மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக்குங்கள். அந்த ஒரு சதவீதத்தில் டர்போ, அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டித் துள்ளுவது, நின்றுவிடும். 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை துள்ளும் ஐ5-8250யூ 1.6-க்கு அடங்கும். வீடியோ வகுப்புக்கும் ஆடியோ பதிவுக்கும் அது தாராளம். வீடியோ எடிட் செய்து வெளியே எடுக்கும்போது மட்டும் நேரம் இழுக்கும். அப்போது 100-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

டர்போவை மொத்தமாக இழக்க மனமில்லாதவர்கள் த்ராட்டில்ஸ்டாப்பில் நீண்டநேர அளவை 10 வாட், குறுகியநேர அளவை 15 வாட் என்று வைக்கலாம். ஏஎம்டி-யின் ரைசன் ப்ராசஸர் உள்ள மெஷினுக்கு அதே வேலைக்கு ரைசன்அட்ஜ் என்ற மென்பொருள் இருக்கிறது. சில மாடல்கள் சற்று நேரத்தில் தாமே பழைய அளவுக்குத் திரும்பிவிடும்; அவற்றுக்கு 99-தான் கதி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் களத்து மேட்டுத் தூசும் வைக்கோல் துகளும் வீட்டுக்குள் வரும். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் அது கம்பளிபோலப் படிந்து காற்றை மறிக்கும். நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் அது ஈரம் குடித்து இன்னும் இறுக்கமாக ஒட்டும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் படலம் முழுசாக வராது. மூடியைத் திறந்து, படலத்தை ட்வீசரால் முழுசாக உரித்தெடுத்த பிறகு, தகடு பக்கமிருந்து ஃபேன் பக்கமாக ஊதுங்கள். ஊதும்போது இறக்கையில் ஒரு தீக்குச்சியைச் செருகிச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயர் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய், நிரந்தரமாகக் கரகரக்க ஆரம்பித்துவிடும்.