எல்லையோர நர்சரியின் அரளிக் கன்றுகள்: இரண்டு கோடைகளுக்குப் பின்

கேரளம் என்றாலே மழை என்ற பேச்சு கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்குப் பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாசி, பங்குனியிலேயே மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சித்திரையில் எங்கள் கிணற்றில் அடிப்பாறை தெரியும். வேலியோரம் வைத்த செம்பருத்தி இரண்டு முறை காய்ந்துபோன பிறகு, எல்லையை ஒட்டிய ஒரு நர்சரியில், கன்று 60 ரூபாய் வீதம் ஆறு அரளிக் கன்றுகள் வாங்கினேன்.

கன்றுகளின் தரம் மிக நன்று. கவரைக் கிழித்தபோது வேர் சுருண்டு கிடக்காமல் மண்ணைப் பற்றிக்கொண்டு முழுதாக வந்தது. குச்சி வெட்டி வேர்விட வைத்த கன்றுகள் என்பதால் முதலாண்டிலேயே பூத்தன. ஒன்றரை அடிக் குழியில் செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்து, மழை தொடங்கும் தறுவாயில் நட்டேன். முதல் கோடையில் வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றியும் செடி வாடவில்லை. மும்மூன்றாக அடுக்கி வரும் அந்தத் தடித்த இலையைத் திருப்பிப் பார்த்தால் காரணம் புரியும்: மூச்சுத்துளைகள் வெளியே திறந்து கிடக்காமல், அடிப்பக்கத்துச் சிறு குழிகளுக்குள், நுண்மயிர்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் அனல்காற்றில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அரளியை வைப்பதும் இந்தத் தாங்கும் தன்மைக்காகவே. இளந்தளிரில் மஞ்சள் அசுவினி மட்டும் ஒருமுறை வந்தது; வேப்பெண்ணெய்க் கரைசலில் அடங்கிவிட்டது.

ரோஸ் நிற அடுக்கு அரளி என்று கொடுத்த மூன்றில் ஒன்று ஒற்றை வெள்ளையாகப் பூத்தது. படத்தைக் காட்டியதும் மறுபேச்சின்றி வேறு கன்று தந்தார்கள்.

எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது வேறொன்று. ஆடு வளர்க்கும் வீடு என்று சொல்லிக் கேட்டபோது, அங்கிருந்த பணியாளர் "ஒண்ணும் ஆகாது, தைரியமா வையுங்க" என்றார். அரளியின் வேர், தண்டு, இலை, பூ அனைத்துமே நஞ்சு. அது இதயத் துடிப்பையே பாதிக்கும். கசப்பினால் ஆடு பச்சை இலையைப் பெரும்பாலும் ஒதுக்கினாலும், கவாத்து செய்த கிளை காய்ந்து தீவனத்தோடு கலந்துவிட்டால் ஆபத்து அப்படியே இருக்கிறது, ஏனெனில் காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கிய செய்தி இங்கே எல்லோரும் அறிந்தது. அதன் பிறகும் கன்று விற்பவர் இப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதுத்துளிரின் நுனியில்தான் பூ வரும் என்பதால் பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறேன். அப்போது கையுறை அணிகிறேன்; வெட்டிய கிளைகளை எரிப்பதில்லை, புகையும் கெடுதல் என்பதால் ஆழமாகப் புதைத்துவிடுகிறேன். இவ்வளவையும் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கன்றோடு கொடுப்பது நர்சரிக்குப் பெரிய செலவாகாது.

சென்ற மாதம் செவ்வரளி வாங்க மறுபடியும் அங்கேதான் சென்றேன். கன்றுகள் முன்போலவே செழிப்பாக இருந்தன. எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. உரிமையாளரிடமே எடுத்துச் சொன்னேன். எழுதி வைப்பதாக ஒப்புக்கொண்டார். மலையாளத்தோடு தமிழிலும் எழுதும்படி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.