‘ஃபார்வர்ட்-லுக்கிங்’: தொலைநோக்கா, எதிர்காலம் குறித்ததா?

சிங்கப்பூரில் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குபவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் சொல் ‘ஃபார்வர்ட்-லுக்கிங்’ (forward-looking), அதாவது வருங்காலத்தைப் பார்க்கிற. கை தானாகவே ‘தொலைநோக்கு’ என்று தட்டிவிடும். சில இடங்களில் அது பொருந்தும். வேறு சில இடங்களில் பொருளையே கவிழ்த்துவிடும்.

‘முன்னோக்கிய’ வேண்டாம். ‘முன்’ இடத்தைக் குறித்தால் எதிரே இருப்பது. காலத்தைக் குறித்தால் கழிந்துபோனது. முன்னோர், முன்னாள் அமைச்சர் எல்லாம் அப்படித்தான். ‘முற்போக்கு’ என்றால் அரசியல் வாடை. ‘எதிர்நோக்கும்’ இன்னும் மோசம்: இங்குள்ள செய்தித் தமிழில் சவாலையும் ஆள்பற்றாக்குறையையும்தான் எதிர்நோக்குவார்கள். ‘எதிர்நோக்கும் நிறுவனம்’ என்று எழுதினால், எந்தச் சிக்கலை என்று வாசகர் கேட்பார்.

மிஞ்சுவது இரண்டு: ‘தொலைநோக்கு’, ‘எதிர்காலம் குறித்த’. தேர்வுக்கு ஒரே உரைகல், மூலத்தில் பாராட்டு இருக்கிறதா என்பதுதான். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திடமிருந்து சிங்கப்பூர் தண்ணீர் வாங்கும் 1962ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2061இல்தான் முடிகிறது. ஆனாலும் 2003இலேயே, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நீராக்கும் நியூவாட்டர் ஆலைகளைத் திறந்ததைத் தொலைநோக்கு என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வரும் ‘ஃபார்வர்ட்-லுக்கிங் ஸ்டேட்மென்ட்ஸ்’ பாராட்டே அல்ல, எச்சரிக்கை. ‘இவை கணிப்புகள், பலிக்காமலும் போகலாம்’ என்பதே அதன் சாரம். அதைத் ‘தொலைநோக்கு அறிக்கை’ ஆக்கினால் நிறுவனம் தன் இலட்சியத்தைப் பறைசாற்றுவதுபோல் ஆகிவிடும். முதலீட்டாளருக்கான எச்சரிக்கை காணாமல் போகும். கணக்கியலிலும் இதே பொறி. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற அனைத்துலகக் கணக்கியல் விதிப்படி, வங்கிகள் கடன் இழப்பை மதிப்பிடும்போது ‘ஃபார்வர்ட்-லுக்கிங்’ தகவல்களையும் சேர்க்க வேண்டும்: இனி வரக்கூடிய வேலையின்மை விகிதம், பொருளியல் வளர்ச்சி போன்றவை. தகவலுக்கு ஏது தொலைநோக்கு? ‘எதிர்காலம் குறித்த தகவல்’ என்பதே நேர்.

எங்கள் சாய்வும் ‘எதிர்காலம் குறித்த’ பக்கமே. பாராட்டு தேவைப்பட்டால் ‘குறித்த’வை எடுத்துவிட்டு ‘எதிர்காலம் கருதிய திட்டம்’ என்று மாற்றினால் போதும். ஒரே வேர் இரண்டுக்கும் உழைக்கும். ‘எதிர்’ புதுச்சரக்கும் அல்ல. வரப்போவதை அறிந்து காப்பவரைக் குறள் 429 ‘எதிரதாக் காக்கும்’ அறிவினார் என்கிறது.

நீளம்தான் குறை. சட்ட ஆவணமென்றால் வழக்கறிஞரும் ஒருமுறை பார்ப்பது நல்லது. செய்தித் தலைப்பில் இடம் பத்தாவிட்டால், கூற்றுகளுக்கு ‘வருங்காலக் கணிப்பு’ அடங்கும். தலைவர்களுக்கு மட்டும் ‘தொலைநோக்கு’ இருந்துவிட்டுப் போகட்டும்.