ஆப்புல விக்கிற ‘மூலிகைக் களைக்கொல்லி’யை வாங்காதீங்க: எனக்கு 11,400 ரூபாய் போச்சு, சித்தப்பா ஆஸ்பத்திரியில கிடக்கிறார்

கோபத்துல எழுதுறேன், கோர்வையா இருக்காது. தென்னை, வாழை, கரும்புன்னு எது வெச்சிருந்தாலும் சரி, களைக்கொல்லி வாங்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க. மருந்தைப் பாதுகாப்பா எப்படிக் கையாள்றதுன்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல 11,400 ரூபாய் எப்படிப் போச்சுன்னு சொல்லிடுறேன்.

விதை, சொட்டுநீர்க் குழாய், டேங்க் ஸ்பிரேயர்னு விவசாயச் சாமான் எல்லாம் விக்கிற ஒரு ஆப். பேரைச் சொன்னா இந்தப் பதிவைத் தூக்க வெச்சிடுவாங்க, அதனால சொல்லலை. அதுல ஒரு விளம்பரம்: ‘நஞ்சில்லா மூலிகைக் களைக்கொல்லி. கோரையை வேரோடு அழிக்கும். கையுறை தேவையில்லை. அடித்த மறுநாளே மாடு மேயலாம்.’ கீழே கொட்டை எழுத்துல, ‘இன்னுமா கிளைபோசேட் அடிக்கிறீர்கள்?’

அந்தக் கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கிளைபோசேட்ங்கிற ரசாயனக் களைக்கொல்லியை, மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்னு வகைப்படுத்துச்சு. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் முகமை அதை ஒத்துக்கலை. சண்டை இன்னும் ஓயலை. 2022 அக்டோபர்ல நம்ம மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவங்க மூலமாத்தான் கிளைபோசேட் அடிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அதுக்கப்புறம் களைக்கு என்னதான் அடிக்கிறதுன்னு விவசாயிங்க எல்லாரும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். அந்தத் தேடலை வெச்சுத்தான் இவனுங்க கடை விரிச்சிருக்கானுங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி விளம்பரத்துல இருந்த நம்பருக்குப் பேசினேன். நல்லா, நிதானமாப் பேசினான். ‘அண்ணே, என்ன மண்ணு, தோப்பு எத்தனை ஏக்கர், கோரை பூவெடுத்திருச்சா’ன்னு விவரம் தெரிஞ்சவனாக் கேட்டான். நான் ஆறு கேன் கேட்டேன். ‘ஆறு வேண்டாம்ணே, உங்க இடத்துக்கு அஞ்சே தாராளம். எதுக்கு வீணாக் காசைப் போடுறீங்க?’ன்னான். விக்க வந்தவனே ஒரு கேனைக் குறைச்சுச் சொன்னா யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அடுத்து ஒரு வீடியோ அனுப்பினான். பக்கெட் தண்ணியில மருந்தை ஊத்தி, வெறுங்கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குறான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: ‘வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குன்னா இதைத்தான்ணே அடிக்கணும்.’ 5 லிட்டர் கேன் 2,280 ரூபாய். அஞ்சு கேன், 11,400 ரூபாய். யூபிஐ-யில முழுசா முன்பணம்.

கேன் வந்துச்சு. வெள்ளைக் கேன், மேல இலையும் கன்னுக்குட்டியும் படம் போட்ட தாள். ‘வேம்பு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு’ன்னு எழுதியிருந்துச்சு. மூடியைத் திறந்தா வேப்பெண்ணெய் வாடையும் இல்லை, எலுமிச்சை வாசமும் இல்லை. கரும்பச்சைத் தண்ணி, மூக்கைப் பிடுங்குற நெடி. போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். ‘மூலிகையைப் புளிக்க வெச்சா அப்படித்தான்ணே நாறும்’னு உடனே பதில் வந்துச்சு. அப்பல்லாம் உடனுக்குடனே பதில் வரும்.

அடிச்சது சித்தப்பா. சின்ன வயசுல இருந்து மருந்தடிச்சுப் பழகினவர். முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாம டேங்கைத் தொடவே மாட்டார். ‘இது மூலிகைதானேப்பா’ன்னு அன்னைக்கு வெறும் பனியனோட டேங்கை மாட்டினார். மூடியில இருந்த வாசர் லேசா ஒழுகியிருக்கு. வெயில்ல வேர்வையோட சேர்ந்து மருந்தும் முதுகுல இறங்கிக்கிட்டே இருந்திருக்கு. சாயங்காலம் எரியுதுன்னார். தேங்காயெண்ணெய் தடவிப் படுத்துட்டார். காலையில பார்த்தா டேங்க் உக்காந்திருந்த இடம் பூரா செக்கச்செவேல்னு இருக்கு, அடிப்பட்டை அழுத்துற இடத்துல வரிசையாக் கொப்புளம். மூக்குல ரத்தம் வருது, எச்சில் முழுங்க முடியலைன்னார்.

தோப்புல களை எல்லாம் ஒரே நாள்ல கருகிக் கிடந்துச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்துக் கத்தரி இலையில மிளகு அளவுக்குச் சின்னச் சின்னதாக் காஞ்ச வட்டம். காத்துல போன துளி விழுந்த இடம் மட்டும் பொசுங்கியிருக்கு. இஞ்சிச் சாறு இப்படிப் பொசுக்குமா, நீங்களே சொல்லுங்க.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘என்ன மருந்து?’ கேனை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ‘இதுல ஒண்ணுமே இல்லையே’ன்னார். அவர் எரிச்சலோட சொன்னதை அப்படியே எழுதுறேன். பூச்சி மருந்துல சில வகைக்கு முறிவு மருந்தா அட்ரோபின் ஊசி இருக்கு. களைக்கொல்லியில பாராகுவாட்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு முறிவு மருந்தே கிடையாது. கொஞ்சம் முழுங்கினாலே சிறுநீரகமும் நுரையீரலும் போயிடும். அதுக்கு எடுத்த எடுப்புல ஆக்சிஜன் வெச்சா நுரையீரல் இன்னும் மோசமாகும், மூச்சுத்திணறி ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்ப இறங்கினாத்தான் வெப்பாங்களாம். 2,4-டி-ங்கிற இன்னொரு களைக்கொல்லின்னா சிகிச்சை வேற மாதிரி. ‘பேரு தெரியாம நான் எதுக்குன்னு வைத்தியம் பார்க்கிறது?’

சிறுநீரை எடுத்து ஒரு பொடி போட்டுப் பார்த்தாங்க. பாராகுவாட் இருந்தா நீலமா மாறுமாம். மாறலை. எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா டாக்டர் முகம் மாறலை. அது அந்த வகை விஷத்தை மட்டும் காட்டுற சோதனை, மத்ததுக்கு இல்லைன்னார். தோல் நல்லா இருந்தா பாராகுவாட் உள்ளே போறது கம்மிதானாம். புண்ணுல, வெந்த தோல்ல, மணிக்கணக்கா நனைஞ்ச துணியில பட்டா அந்தக் கணக்கு செல்லாது, ஒழுகுற டேங்கை முதுகுல சுமந்தே செத்தவங்க உண்டுன்னு சொன்னார். அதனால சிறுநீரகம், நுரையீரல் ரெண்டையும் கண்காணிப்புல வெச்சிருக்காங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தே அந்த நம்பருக்குப் போன் போட்டேன். 11,400 ரூபாயைக்கூட அப்ப நான் கேட்கலை. உள்ள என்ன கெமிக்கல் இருக்கு, பேரை மட்டும் சொல்லு, டாக்டர் கேட்கிறார்னு கேட்டேன். ‘அண்ணே, அது ஹெர்பல்ணே, உங்க சித்தப்பாவுக்கு அலர்ஜி உடம்பா இருக்கும்’னான். கெஞ்சிப் பார்த்தேன். ‘டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க’ன்னு வெச்சுட்டான். ஒருத்தனும் கூப்பிடலை. வாட்ஸ்அப்ல கொப்புளத்தைப் போட்டோ எடுத்துப் போட்டேன். நீல டிக் விழுந்துச்சு, அதோட பிளாக் பண்ணிட்டான்.

ஆப்போட கஸ்டமர் கேர்ல பேசின பொண்ணு ரொம்ப மரியாதையாப் பேசுச்சு. ‘சார், சீல் உடைச்ச பொருள் ரிட்டர்ன் பாலிசியில வராது சார்.’ அம்மா, ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்காரும்மா, உள்ள என்ன இருக்குன்னு விக்கிறவனைக் கேட்டுச் சொல்லுங்கன்னேன். ‘ஃபார்முலா விற்பனையாளரோட ரகசியம் சார், எங்களுக்கு ஆக்சஸ் இல்லை சார்.’ அப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சு: என் அனுபவத்துக்கு வருந்துறாங்களாம், அடுத்த ஆர்டருக்கு 500 ரூபாய் கூப்பன் தர்றாங்களாம். 11,400 ரூபாயைப் பிடுங்கிட்டு, இன்னொரு கேன் வாங்குறதுக்கு 500 ரூபாய்!

வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குக் கேனைத் தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த அலுவலர் கையில வாங்கினதும், ‘முக்கோணம் எங்கங்க?’ன்னார். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்துல களைக்கொல்லியும் அடக்கம். பதிவு இல்லாம விக்கவே கூடாது. லேபிள்ல மருந்தோட பேரு, எத்தனை சதவீதம், பதிவு எண், தயாரிப்பு உரிம எண், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, விஷமுறிவு விவரம் எல்லாம் இருக்கணும். சாய்ஞ்ச சதுரத்துக்குள்ள கலர் முக்கோணம் இருக்கணும். சிவப்புன்னா மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதுக்கு அடுத்தது, அப்புறம் நீலம், கடைசி பச்சை. பச்சை இருந்தாலும் விஷமில்லைன்னு அர்த்தம் இல்லை, இருக்கிறதுலேயே வீரியம் கம்மி, அவ்வளவுதான். இயற்கைன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது, வேம்புல இருந்து எடுக்கிற மருந்துக்கே பதிவு எண் உண்டு. உரிமம் இருந்தா ஆன்லைன்ல விக்கலாம், அது தப்பில்லையாம். என் கேன்ல இருந்தது கன்னுக்குட்டி படம் மட்டும்தான். பில்லுலயும் ‘தாவர வளர்ச்சிப் பொருள்’னு போட்டிருக்கான். களையைக் கொல்ற மருந்துக்கு இப்படி ஒரு பில்லு! சீல் உடைக்காத கேனை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புறேன்னு எழுதி வாங்கிக்கிட்டார். அந்த ரிசல்ட்டுக்குத்தான் டாக்டரும் காத்திருக்கார்.

இவ்வளவுக்கும் கோரை சாகலை. மேல கருகினதோட சரி, கிழங்குல இருந்து இப்பவே பச்சை ஊசி ஊசியா முளைச்சு வருது. வேரோடு அழிக்குமாம்! 11,400 ரூபாய்.

1915-ங்கிற நுகர்வோர் உதவி நம்பருக்குப் போன் போட்டுப் புகார் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகப் போறேன். நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், அந்த வெறுங்கை வீடியோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமா இருக்கு. அந்த விளம்பரம் இன்னைக்கும் ஓடுது. கேன் கலரையும் பேரையும் மட்டும் மாத்தியிருக்கான்.

பாதுகாப்புக் குறிப்பு விவரமா எழுதுறேன்னு சொன்னேன். பரிசோதனைக்குக் கூப்பிட்டுட்டாங்க, நேரமில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. முக்கோணமும் பதிவு எண்ணும் இல்லாத கேனை ஓசியில கொடுத்தாலும் வாங்காதீங்க. பேட்ச் நம்பர் போட்ட பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. மூலிகைன்னாலும் முழுக்கைச் சட்டை, பூட்ஸ், ரப்பர் கையுறை, கண்ணாடி போட்டுத்தான் அடிக்கணும். முகத்துல துண்டு கட்டினாப் போதும்னு நினைக்காதீங்க, துண்டு மருந்தை உறிஞ்சி மூக்குக்கிட்டயே வெச்சிருக்கும். வெறும் தண்ணி ஊத்தி டேங்க் ஒழுகுதான்னு முதல்லயே பாருங்க. நாசில் அடைச்சா வாயால ஊதாதீங்க. காத்தடிக்கிறப்ப அடிக்காதீங்க. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வெச்சுக்கோங்க, 2,4-டி அடிச்ச டேங்க்ல மிச்சம் மீதி இருந்தா பருத்தி, தக்காளி இலை எல்லாம் முறுக்கிக்கும். காலிக் கேனைத் தண்ணி பிடிக்கவோ எண்ணெய் ஊத்தவோ வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க, மூணு தடவை அலசி ஓட்டை போட்டுடுங்க.

உடம்புல பட்டா நனைஞ்ச துணியை உடனே கழட்டி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணியில கழுவுங்க, எண்ணெய் தடவாதீங்க. வாயில போயிருந்தா உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையம் 1800 116 117, எந்நேரமும் எடுப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கேனையும் கையோட தூக்கிட்டுப் போங்க. மீதியைச் சித்தப்பாவோட கிட்னி ரிசல்ட் வந்தப்புறம் எழுதுறேன்.