டிரம்ல இருந்து கெமிக்கல் எடுக்க எது சரி: சாய்க்கிறதா, டேப்பா, பம்ப்பா?

200 லிட்டர் டிரம்ல இருந்து சின்ன கேனுக்கு கெமிக்கல் மாத்துற வேலை எங்க இருக்கோ அங்க எல்லாம் இந்த வாக்குவாதமும் இருக்கும், ஒருத்தர் சாய்ச்சு ஊத்துனா முடிஞ்சுதும்பாரு, இன்னொருத்தர் படுக்க வச்சு டேப் (திறந்து மூடுற குழாய்) மாட்டிடலாம்பாரு, மூணாவது ஆள் பம்ப் கேப்பாரு, பர்ச்சேஸ்ல இருக்கறவர் எவ்ளோ ஆகும்னு கேப்பாரு. பெரும்பாலும் முதுகுவலியை ஒரு ஃபைல்லயும் கெமிக்கல் ஆபத்தை வேற ஃபைல்லயும் வச்சுப் பேசுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கை ஓஞ்சு போறப்பதான் சிந்துது, குனிஞ்சு நிக்கிறப்பதான் தெறிச்சது மூஞ்சிக்கு வருது, அதனால ரெண்டையும் ஒண்ணா வச்சே பாத்துடுவோம்.

முதல்ல சாய்க்கிறது. செலவு இல்ல, அது ஒண்ணுதான் இதுல நல்ல விஷயம். தண்ணி மாதிரி எடையுள்ள சரக்கே உள்ள 200 கிலோ இருக்கும், செறிவான சல்ஃப்யூரிக் ஆசிட்னா லிட்டருக்கு 1.84 கிலோ, கணக்கு போட்டுக்கோங்க. ஒரு அளவு வரைக்கும் டிரம் நம்ம கைக்குள்ள இருக்கும், அதைத் தாண்டி சாஞ்சா உள்ள இருக்கற திரவமும் சேர்ந்து அந்தப் பக்கமே ஓடும், அப்புறம் பிடிக்கிறது மனுஷனால ஆகாது. இதுல இன்னொரு வம்பு, பெரிய மூடியை மட்டும் திறந்துட்டு சின்ன மூடியை அப்படியே விட்டுடுவாங்க, காத்து உள்ள போக வேற வழி இல்லாம அதே வாய் வழியா குபுக் குபுக்னு இழுக்கும், ஒவ்வொரு குபுக்குக்கும் ஒரு தெறிப்பு. ஆளோ முதுகை வளைச்சு, இடுப்பைத் திருப்பி, ஒரு காலை டிரம்முக்கு முட்டு குடுத்து நிக்கிறாரு. ஆபத்தில்லாத சரக்குன்னா, அதுவும் சாய்க்கிறதுக்குன்னே இருக்கற ஸ்டாண்ட் இருந்தா சரி. மத்தபடி இதை நான் ஆட்டத்துலயே சேர்க்கல.

டேப் பாக்க ரொம்ப அழகு. ஸ்டாண்ட்ல டிரம்மைப் படுக்க வச்சா புவியீர்ப்பே வேலையைப் பாத்துக்கும், கைக்கு நோவே இல்ல, கெட்டியான ஆயிலுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா 200 கிலோவை யார் தூக்கிப் படுக்க வைக்கிறது? டிரம் லிஃப்டர் இல்லாம ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஏத்துனா, மிச்சம் பிடிச்ச முதுகு எல்லாம் அங்கயே போச்சு. ஸ்டாண்டைத் தாழ்வா வச்சா ஏத்துறது ஈசி, ஆனா கேன் பிடிக்கறவர் குத்த வச்சு உக்காரணும், கண்ணு சரியா டேப்புக்கு நேரா வரும். இதைவிட எனக்கு பயம் கசிவுதான், டேப் போச்சுன்னா அதுக்கு மேல இருக்கற மொத்த சரக்கும் வெளிய வரும், அதனால கீழ ஒரு முழு டிரம் கொள்ளற தொட்டி கட்டாயம். கையை எடுத்தா தானா மூடிக்கிற டேப் மாட்டியும், நம்மாளுங்க கம்பியால கட்டி வச்சுட்டு போன் பேசப் போயிடுறாங்க, அப்புறம் எதுக்கு அந்த டேப்? கடுமையான ஆசிட்டுக்கு டேப் வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு பம்ப்புக்குதான், ஆனா நிறைய நிபந்தனை இருக்கு. டிரம் நிமிர்ந்தே நிக்கும், கசிஞ்சாலும் ஹோஸ்ல இருக்கறதுதான் கசியும் (ஹோஸ் முனை டிரம்ல இருக்கற மட்டத்துக்குக் கீழ தொங்குனா நிறுத்தின பிறகும் தானா ஓடும், அதைக் கவனிக்கணும்). எல்லாரும் கோட்டை விடுற இடம் கேஸ்கட், அதாவது பம்ப்ல கசியாம அடைக்கிற ரப்பர். டொலுவீன், அசிட்டோன் ரெண்டும் சால்வென்ட்தான் (மத்த பொருளைக் கரைக்கிற திரவம்), ஆனா விட்டான் ரப்பர் டொலுவீனுக்குத் தாங்கும், அசிட்டோன்ல ஊதிப் போயிடும், ஈபிடிஎம் ரப்பர் அப்படியே தலைகீழ், அசிட்டோனுக்குத் தாங்கும் டொலுவீன்ல வீங்கிடும். அதனால ஒரு பம்ப்பை எல்லா டிரம்லயும் போடுறது தப்பு, ப்ளீச்சுக்குப் போட்டதை ஆசிட் டிரம்ல விட்டா குளோரின் கேஸே வரும். டிரம்முக்கு ஒரு பம்ப், மேல பேர் எழுதி ஒட்டிடுங்க.

உடம்பு கணக்குல பாத்தா டிரம் உயரமே சுமார் 88 சென்டிமீட்டர், அதை பாலெட் மேல வச்சு, அதுக்கும் மேல பம்ப் மாட்டினா, குள்ளமா இருக்கறவங்களுக்கு கைப்பிடி தோளுக்கு மேல போயிடும். பாலெட்டை எடுங்க இல்ல உறுதியான ஒரு படி போடுங்க. ஒண்ணு ரெண்டு கேனுக்கு கைப்பம்ப் தாராளம், நாள் பூரா சுத்தணும்னா தோள்பட்டை போயிடும், மோட்டர் பம்ப்தான் வழி, தீப்பிடிக்கிற சரக்குன்னா எக்ஸ்ப்ளோஷன் ப்ரூஃப் மோட்டர் (வெளிய இருக்கற ஆவியைப் பத்த வைக்காத மாதிரி செஞ்சது) மட்டும். எங்கயாவது ஒரு புத்திசாலி கம்ப்ரஸர் காத்தை டிரம்முக்குள்ள விட்டுத் தள்ளலாம்னு கிளம்புவாரு, அவரை உடனே நிறுத்துங்க, டிரம் பிரஷர் தாங்க செஞ்சது கிடையாது.

டேப்போ பம்ப்போ, சால்வென்ட்னா ஸ்டாட்டிக் கரண்டை (திரவம் ஓடுறப்ப சேர்ந்து பொறி விடுற மின்சாரம்) மறக்கக் கூடாது. அசிட்டோனோட ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி பத்திக்கிற அளவுக்கு வர்ற குறைஞ்ச வெப்பநிலை) மைனஸ் 20 டிகிரி பக்கம், டொலுவீனுக்கு 4 டிகிரி பக்கம், அதாவது சாதாரண ரூம்ல அதோட ஆவி பத்திக்க எப்பவும் ரெடி. இரும்பு டிரம்மையும் உலோக கேனையும் வயரால இணைச்சு டிரம்மை எர்த் பண்ணணும், கிளிப்பை பெயின்ட் மேல மாட்டினா பிரயோஜனம் இல்ல, பளிச்னு உலோகம் தெரியற இடத்துல மாட்டணும். ஹோஸ் முனை கேனோட அடியைத் தொடணும், மேல இருந்து கொட்டக் கூடாது.

கிளவுஸ்லயும் இதே போட்டிதான். நைட்ரைல் ரப்பர் கிளவுஸ் எண்ணெய், பெட்ரோலுக்கு நல்லது, அசிட்டோனுக்கு மோசம், பியூட்டைல் ரப்பர் நேரெதிர். 1996ல அமெரிக்காவுல கேரன் வெட்டர்ஹான்ங்கற கெமிஸ்ட்ரி பேராசிரியர் லேடெக்ஸ் கிளவுஸ் போட்டுட்டுதான் வேலை பாத்தாங்க, அது மேல சிந்தின சில சொட்டு டைமெத்தில் மெர்குரி (பாதரசம் சேர்ந்த கொடிய விஷம்) கிளவுஸைத் தாண்டி உள்ள போய் அடுத்த வருஷம் உயிரே போச்சு. அதனால கெமிக்கலோட வர்ற சேஃப்டி டேட்டா ஷீட்ல, பாதுகாப்பு உடை பத்திச் சொல்ற 8வது பகுதியைப் பாத்துட்டு வாங்குங்க. கிளவுஸ் தடிமனா ஆக ஆக இறுக்கிப் பிடிக்கத் தேவைப்படுற பலமும் கூடும், இதுவும் மோட்டர் பம்ப் பக்கம்தான் சாயுது.

டிரம்மே வேண்டாம், சின்ன கேன்லயே வாங்கிடலாம்னு சொல்றவங்க இருக்காங்க, நல்ல யோசனைதான், ஆனா "சின்ன"ங்கற வார்த்தையை நம்பாதீங்க. 35 லிட்டர் சல்ஃப்யூரிக் ஆசிட் கேன் 64 கிலோவுக்கு மேல, 20 லிட்டரே 37 கிலோ ஆச்சு. வேலையிட பாதுகாப்பை ஆராயற அமெரிக்க நயாஷ் (NIOSH) அமைப்போட தூக்கும் கணக்குல எல்லாம் சாதகமா இருந்தாலே 23 கிலோதான் உச்சம், குனிஞ்சோ திரும்பியோ தூக்குனா அதுவும் குறையும். 10 லிட்டர் கேன்னா 18 கிலோ சொச்சம், அதை டிராலில வச்சு இடுப்பு உயரத்துலயே நகர்த்திட்டுப் போகலாம், தெனமும் ஒரு கேன் அளவுதான் செலவாகுதுன்னா சப்ளையர்ட்ட அந்த சைஸ்ல கேளுங்க, பம்ப் பேச்சே தேவையில்ல.