தாழ்வாரத்துக்கு எந்த ஃபெர்ன்?

நிழல் விழும் தாழ்வாரத்துக்குச் செடி வேண்டும் என்று கேட்டால் நர்சரியில் பெரும்பாலும் மூன்று பெரணிகளைக் காட்டுவார்கள்: மெய்டன்ஹேர், பேர்ட்ஸ் நெஸ்ட், பாஸ்டன் ஃபெர்ன். நேர் வெயில் மூன்றுக்கும் ஆகாது, மண் ஈரமாகவே இருக்கவேண்டும். வெறும் வயல் களிமண்ணில் வைத்தால் வேர் அழுகும். தென்னை நார்க்கழிவும் மக்கிய இலையும் கலந்தால் சரி. இதற்குமேல் பொதுவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு நான் எடுத்தது பாஸ்டன். ஆகவே தராசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

அழகு மட்டும் என்றால் மெய்டன்ஹேரை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. கறுத்த மெல்லிய காம்பு, அதில் ஆடும் பொடி இலைகள். கொடைக்கானலில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இங்கே அக்னி நட்சத்திரத்தில் ஒரு பகல் தொட்டி காய்ந்தாலே இலையெல்லாம் சுருண்டுவிடும்.

நம் ஊரில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: காய்ந்தால் மீளுமா? வெளியூர்க் கல்யாணம், கரண்ட் போய் மோட்டார் ஓடாத நாள் என்று செடி பட்டினி கிடக்கும் நாள் எந்த வீட்டிலும் வரும். சுருண்ட பெரணி இலை தண்ணீர் ஊற்றினாலும் பச்சையாகாது, புதிதாகத்தான் துளிர்க்கவேண்டும். பாஸ்டன் அதில் கெட்டிக்காரச் செடி. காய்ந்ததை அடியோடு கத்தரித்து, தொட்டியை நிழலில் வைத்து ஈரம் காத்தால் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து சுருள் சுருளாகத் துளிர் கிளம்பும். மெய்டன்ஹேரும் அடித்தண்டு உயிரோடிருந்தால் துளிர்க்கும்தான், ஆனால் கோடையில் அதை நம்பியிருக்க முடியாது. பேர்ட்ஸ் நெஸ்ட்டுக்கு வளரும் குருத்து, இலைகளுக்கு நடுவே உள்ள குழியில் ஒன்றே ஒன்று. அந்தக் குழிக்குள் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குருத்து அழுகிவிட்டால் செடியே போயிற்று. ஓரமாக, மண்ணில் மட்டும் ஊற்றவேண்டும்; வீட்டில் ஆளுக்கு ஆள் குவளை எடுப்பவர்கள் என்றால் இதை யாரிடம் சொல்வது?

அடுத்தது உப்பு. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை பலருக்கும் போர் தண்ணீர்தான் கதி. வேதாரண்யம் பக்கம் கேட்கவே வேண்டாம். உப்பேறினால் இலை நுனி கருகும். பாஸ்டனில் கருகிய இலையை வெட்டினால் இடம் தெரியாது. பேர்ட்ஸ் நெஸ்ட்டில் இருப்பதே அகலமான சில இலைகள். கருகல் மாதக்கணக்கில் கண்ணை உறுத்தும். ஐப்பசி மழையில் தொட்டிகளை முற்றத்தில் வைத்து நன்றாக நனையவிட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு கொஞ்சம் கழுவிப் போகும்.

பாஸ்டனிலும் தொல்லை உண்டு. பொடி இலைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும், தினமும் பெருக்கவேண்டும். பெருக்க அலுப்பென்றால், தண்ணீர் ஊற்றும் கை ஒன்றே என்றால், பேர்ட்ஸ் நெஸ்ட் வாங்குங்கள். அதை மரத்தில் கட்டியும் வளர்க்கிறார்கள். நான் சொல்வது தொட்டிக்கு மட்டும்.

எதை வாங்கினாலும், இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் பூச்சி என்று மருந்து அடித்துவிடாதீர்கள். அது வித்துத்தூள் உண்டாகும் இடம். ஒழுங்கில்லாமல், காம்பிலும் ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் மட்டுமே செதில் பூச்சி.