செயின்ட் ஆப்ஸில் ஒரு நாள்: முனையா, படகா, துறைமுகமா?

எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் போய்வர ஒரு கடலோர ஊர் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது செயின்ட் ஆப்ஸ். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மூலையில், இங்கிலாந்து எல்லையை ஒட்டியிருக்கும் மீனவக் கிராமம். ஊரை மட்டும் சுற்றினால் சீக்கிரமே முடிந்துவிடும். ஆனால் பார்க்க வேண்டியவை ஒன்றுக்கொன்று போட்டி போடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.

என் வாக்கு முனைக்குத்தான். ஊருக்கு வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செயின்ட் ஆப்ஸ் ஹெட், ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும் இயற்கைக் காப்பகம். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை. சில இடங்களில் 90 மீட்டர் வரை செங்குத்தாக எழும்புகிறது. நிதானமாக நின்று பார்த்து ஒரு சுற்று நடந்துவர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

மே, ஜூன் மாதங்களில் போனால் பறவைகளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். எச்சத்தின் கார நெடி, அப்புறம் இரைச்சல். கிட்டிவேக் என்ற கடற்காகம் தன் பெயரையே கூவிக்கொண்டிருக்கும். சிறகு நுனி மையில் தோய்த்தெடுத்தது போலக் கறுப்பு. ஆனால் நான் மணிக்கணக்கில் பார்ப்பது கில்லிமாட்டைத்தான். அது கூடு கட்டுவதில்லை. கையளவு அகலமான பாறை விளிம்பில் ஒற்றை முட்டை, அதுவும் ஒரு முனை கூம்பிய பேரிக்காய் வடிவத்தில். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், சிறகு சரியாக முளைக்கும் முன்பே, அப்பா கீழே தண்ணீரில் மிதந்தபடி கூப்பிடும். குஞ்சு விளிம்பில் முன்னும் பின்னும் தவித்துவிட்டு அப்படியே குதித்துவிடும். பிறகு அப்பாவும் பிள்ளையும் ஆழ்கடலுக்கு நீந்திப் போய்விடுவார்கள். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் அந்தி நேரத்தில் காத்திருந்தால் பார்க்கக் கிடைக்கும். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு எச்சம் பூசிய வெறும் பாறைதான். வண்ண அலகுள்ள பஃபின் பறவையை மட்டுமே மனதில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். அதற்கு ஃபைஃப் கரையிலிருந்து மே தீவுக்குப் போவதே சரி.

முனையில் இன்னொன்று, 1862இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கங்கள் கட்டுவதில் பெயர் பெற்ற ஸ்டீவன்சன் குடும்பத்து டேவிட்டும் தாமஸும் கட்டியது. மற்ற இடங்களில் விளக்குக்குப் போகப் படியேற வேண்டும். இங்கே காவலர்கள் படியிறங்கிப் போனார்கள். பாறையே போதுமான உயரம் என்பதால் கோபுரம் குட்டையாக இருந்தால் போதும்.

அடுத்து படகு. இதே பாறைகளை அடியிலிருந்து பார்ப்பது. மேலிருந்து தெரியாத குகைகளும் வளைவுகளும் தெரியும். தலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் பறவை. முட்டி வலி உள்ளவர்களுக்கும், நடக்க முடியாத பெரியவர்களுக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் கிழக்குக் காற்று கிளம்பினால் படகு எடுக்க மாட்டார்கள். படகை மட்டும் நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். இன்னொரு விஷயம், படகில் ஒரு பறவையை நின்று பார்க்க முடியாது. அலை நகர்த்திக்கொண்டே இருக்கும். முனை முதலிடம் பிடிப்பது இதனால்தான்.

ஸ்கூபா பழகியவர்களுக்குக் கணக்கே வேறு. 1984 முதல் இந்தக் கடல், தாமாக முன்வந்தவர்கள் காக்கும் கடல் காப்பகம். முக்குளிப்பவர்கள் எதையும் எடுத்துவரக் கூடாது என்பது இங்கே நடைமுறை. தண்ணீர் தெளிவு, நல்ல குளிர். ட்ரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத உடை, இல்லாமல் இறங்க வேண்டாம்.

துறைமுகத்துக்கு இப்போது நிறையப் பேர் வருவது 2019இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்துக்காக. தோரின் ஊராக வருவது இந்தக் கிராமம்தான். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கடலைப் பார்த்து நிற்கும் சின்ன வெண்கலச் சிலைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. பல நாள் மோசமான வானிலையில் கரையிலேயே முடங்கிக் கிடந்த மீனவர்கள், அன்று காலை கடல் அமைதியாக இருந்ததால் கிளம்பினார்கள். நண்பகலில் புயல். இந்தக் கரையோரத்தில் 189 பேர் உயிரிழந்தார்கள். பக்கத்து ஊர் ஐமவுத்தில் மட்டும் 129. அப்போது கோல்டிங்ஹாம் ஷோர் என்று பெயர் கொண்டிருந்த இந்தக் கிராமத்தில் மூன்று பேர். சிலைகள் அந்த ஆண்களுடையவை அல்ல, கரையில் காத்திருந்த பெண்களும் பிள்ளைகளும்.

அங்கேயே மீட்புப் படகு நிலையமும் இருக்கிறது. 1911இல் தொடங்கியதை 2015இல், மீட்புப் படகுகளை நடத்தும் தொண்டு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ மூடியது. ஊர்க்காரர்கள் விடவில்லை. பணம் திரட்டினார்கள், டன்னக்ஸ் பிஸ்கட் நிறுவனமும் கைகொடுத்தது. 2016இல் தங்களுக்கென்று ஒரு படகை இறக்கினார்கள். அதன் பெயர் தாமஸ் டன்னக். அந்தச் சிலைகளைப் பார்த்துவிட்டு இந்தப் படகைப் பார்த்தால் ஊர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்று புரியும். இதற்கு அரை மணி நேரம் போதும். முனைக்குப் போகும் முன் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

கோல்டிங்ஹாம் விரிகுடா, பக்கத்திலிருக்கும் மணல் கடற்கரை. சின்னக் குழந்தைகளோடு வந்தால் அதுவே முதலிடம். செங்குத்துப் பாறை விளிம்பில் அவர்களை மேய்ப்பது பெரிய பாடு.

போய்ச் சேர, 2022இல் திறந்த ரெஸ்டன் ரயில் நிலையம் பக்கம். ரயில்கள் அதிகம் நிற்பதில்லை, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டாக்ஸி சொல்லி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிக்-அபான்-ட்வீட் ஊருக்கு ரயிலில் போய் பஸ் பிடிக்கலாம்.

குளிர் தாங்குவீர்கள் என்றால் நவம்பர். பறவை கிடையாது, படகும் சந்தேகம். முனையை ஒட்டிய கரைகளில் சாம்பல் கடல்நாய்கள் குட்டி போட்டிருக்கும். வெள்ளை ரோமத்தோடு கூழாங்கற்கள் மேல் படுத்திருப்பதை மேலிருந்தே பார்க்கலாம். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் நூற்றுக்கணக்கான குட்டிகளை அடித்துக்கொண்டு போனது. அடுத்த வருடமும் தாய்கள் அதே கரைக்குத்தான் வந்தன. நாயோடு போனால் கயிற்றை விடாதீர்கள், கரைக்கு இறங்காதீர்கள்.